தழும்புக்கு அடியில் எழும் புடைப்பு

கருப்பையை அகற்றி ஏழெட்டு ஆண்டுகள் ஆன பெண்கள் பலர், "தையல் போட்ட இடத்தில் கொழுப்பு சேர்ந்துவிட்டது, டாக்டர்" என்றுதான் என்னிடம் பேச்சைத் தொடங்குகிறார்கள். மல்லாந்து படுத்துத் தலையை மட்டும் தூக்கச் சொன்னால், தழும்பு நெடுகப் புடைத்தெழுகிறது. அது கொழுப்பன்று. மேல்தோல் ஆறிய பின்னும், அதற்கடியில் தசையுறை கூடாமல் விட்டுப்போன இடைவெளி வழியே குடல் தள்ளிக்கொண்டு வருகிறது; இதுதான் தழும்புக் குடலிறக்கம் (ஹெர்னியா). வயிற்றின் நடுவே திறந்து செய்யப்படும் அறுவைகளுக்குப் பின் 10 முதல் 20 சதவீதத்தினருக்கு இது வருகிறது. புண்ணில் சீழ் பிடித்தவர்கள், உடற்பருமன், சர்க்கரை நோய், புகைப்பழக்கம், ஓயாத இருமல் உள்ளவர்கள் ஆகியோருக்கு வாய்ப்பு இன்னும் அதிகம்.

வயிற்றுப் பெல்ட் புடைப்பை அமுக்கி வைக்குமே தவிர, ஓட்டையை மூடாது. வெறும் தையலும் போதாது: நெதர்லாந்தில் நடந்து 2000-ஆம் ஆண்டில் வெளியான ஆய்வில், மூன்றாண்டுகளுக்குள் தையல் மட்டும் போட்டவர்களில் 43 சதவீதத்தினருக்கும், ஓட்டைக்கு வலுவூட்டச் செயற்கை இழை வலை (மெஷ்) வைத்தவர்களில் 24 சதவீதத்தினருக்கும் குடலிறக்கம் திரும்பியது.

லேப்ராஸ்கோப்பி, அதாவது சிறு துளைகள் வழியே கேமரா செலுத்திச் செய்யும் அறுவை என்றதும் எத்தனை துளை என்றே எல்லோரும் கேட்கிறார்கள். வலை எங்கே படுக்கப்போகிறது என்பதுதான் அதைவிட முக்கியமான கேள்வி என்பேன். 1990-களில் பரவிய முறையில் வலை வயிற்றுக்குள், குடலை ஒட்டிக் கிடக்கும். ஆகவே குடல் ஒட்டாதபடி பூச்சிட்ட, விலை கூடிய வலை தேவைப்படும். இப்போது அதே சிறு துளைகள் வழியாக, வயிற்றின் நடுவில் மேலிருந்து கீழாக ஓடும் நேர்த்தசைக்குப் பின்னே ஓர் இடத்தைப் பிரித்தெடுத்து, ஓட்டையைத் தைத்து மூடி, அகலமான சாதாரண வலையை அங்கேயே விரிக்க முடிகிறது; குடலை வலை தொடுவதில்லை. இடைவெளி 10 சென்டிமீட்டரைத் தாண்டினாலோ, குடலின் பெரும்பகுதி நெடுநாளாக வெளியே தங்கிவிட்டாலோ, பக்கவாட்டுத் தசையடுக்கையும் விடுவிக்க வேண்டியிருக்கும். அத்தகையோரில் சிலருக்கு, அறுவைக்கு நான்கு வாரங்களுக்கு முன்பே பக்கத் தசைகளில் போடாக்ஸ் ஊசி போட்டு அவற்றைத் தளர்த்துகிறோம். எல்லோருக்கும் நுண்துளை முறை பொருந்தாது, சி.டி. ஸ்கேன் பார்க்காமல் அதை முடிவு செய்யவும் கூடாது.

சர்க்கரை கட்டுக்குள் வராமலும், புகையை நான்கு வாரமாவது நிறுத்தாமலும் அவசரமில்லாத அறுவைக்கு நான் நாள் குறிப்பதில்லை. ஆனால் புடைப்பு உள்ளே போகாமல் கல்லாக இறுகி, வலியும் வாந்தியும் வந்து, வாயு பிரியாமல் நின்றுவிட்டால் அன்றே மருத்துவமனைக்குச் சென்றாக வேண்டும். குடலுக்கு இரத்தம் நின்றுபோகச் சில மணி நேரம் போதும்.

முதன்முறை வரும்போது பழைய டிஸ்சார்ஜ் சம்மரியைத் தேடி எடுத்து வாருங்கள். முன்பு வலை வைத்தார்களா, எந்த அடுக்கில் வைத்தார்கள், புண்ணில் சீழ் பிடித்ததா என்ற மூன்று விவரங்களும் எங்கள் திட்டத்தையே மாற்றிவிடும்.