நெஞ்சுவலி என்று வந்தால் அந்த மாத்திரையையும் சொல்லிவிடுங்கள்

இரவு 11.30 இருக்கும். கேஷுவாலிட்டிக்கு 54 வயதுக்காரர் ஒருவரைக் கூட்டிவந்தார்கள். அரிசிக்கடை வைத்திருப்பவர். சட்டை முழுக்க நனைந்திருந்தது. வலது உள்ளங்கையை நெஞ்சு நடுவில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தார். கூடவே மனைவி, மூத்த மகன், மருமகள். ஈசிஜி எடுக்கும்போதே டியூட்டியில் இருந்த இளம் டாக்டர் சார்பிட்ரேட் மாத்திரையைப் பிரித்துக் கையில் வைத்திருந்தார். நாக்குக்கு அடியில் வைக்கிற மாத்திரை அது. நெஞ்சுவலி என்று வருகிற பலருக்கும் முதலில் கை போவது அதற்குத்தான்.

"கொஞ்சம் இருங்க" என்று அவரை நிறுத்திவிட்டு, வீட்டாரை வெளியே உட்காரச் சொன்னேன். திரையை இழுத்துவிட்டு, காதருகே குனிந்து கேட்டேன்.

"ஐயா, தாம்பத்தியத்துக்காக ஏதாவது மாத்திரை போடுறீங்களா? இன்னைக்கு, நேத்து?"

அவர் என்னைப் பார்க்கவில்லை. மேலே ஓடுகிற ஃபேனைப் பார்த்தார். மனைவி போன கதவுப் பக்கம் ஒருமுறை பார்த்தார். அப்புறம்தான் வாய் திறந்தது.

"ராத்திரி ஒன்பது மணிக்கு ஒண்ணு போட்டேன்."

"எத்தனை மில்லிகிராம்?"

"நூறு. மார்க்கெட்ல பழக்கமானவர் ஒருத்தர் வாங்கிக் குடுத்தார்."

டியூட்டி டாக்டர் சார்பிட்ரேட்டைத் திரும்ப டிரேயில் வைத்தார். ஆஸ்பிரின் கொடுத்தோம். வேறு வழியில் சிகிச்சையைத் தொடங்கினோம். மனிதர் பிழைத்துக்கொண்டார். (ஆள் அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

அந்த ஒரு கேள்வியும் பதிலும் இல்லாமல் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். சர்க்கரை நோய்க்கு மருத்துவம் பார்க்கிறவன் நான். விறைப்புக் குறைபாடு என் நோயாளிகளிடம் சகஜம். தயங்கித் தயங்கி, கிளம்பும்போது கதவுப்பிடியில் கை வைத்துக்கொண்டுதான் பெரும்பாலோர் கேட்பார்கள். கேட்காதவர்கள் தாங்களாகவே கடையில் வாங்கிப் போட்டுக்கொள்கிறார்கள்.

இதற்கான சில்டனாஃபில் (வயாகரா), டடாலாஃபில் இரண்டும் நல்ல மருந்துகள். ஆள் பார்த்து, அளவு பார்த்துக் கொடுத்தால் பயமில்லை, நானே எழுதிக் கொடுக்கிறேன். ஆனால் அவை உடம்பில் என்ன செய்கின்றன என்று தெரிந்திருக்க வேண்டும். நம் ரத்தக்குழாய்ச் சுவரிலும் நரம்பு முனைகளிலும் நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயு சுரக்கிறது. அது சுவரில் உள்ள தசைக்குள் சிஜிஎம்பி என்ற பொருளைப் பெருக்கும். அது பெருகப் பெருகத் தசை தளரும், குழாய் விரியும், ரத்தம் பாயும். ஆணுறுப்பு விறைப்பது இப்படித்தான். வேலை முடிந்ததும் சிஜிஎம்பியைச் சிதைக்க பிடிஇ5 என்று ஒரு நொதி இருக்கிறது. இந்த மாத்திரைகள் அந்த நொதியைத் தடுக்கின்றன.

தண்ணீர்த் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். மாத்திரை அடிக்குழாயை அடைக்கிறது. மேலேயிருந்து கொஞ்சம் தண்ணீர் வந்தாலே தொட்டி நிறைந்துவிடும். மேலேயிருந்து எதுவுமே வரவில்லை என்றால் அடியை அடைத்தும் பலனில்லை. மனதில் ஆசை எழாமல் மாத்திரை மட்டும் எதையும் செய்துவிடாது என்பதற்கு இதுதான் காரணம்.

சரி, சார்பிட்ரேட் என்ன செய்கிறது? அது உடம்புக்குள் போய் நைட்ரிக் ஆக்சைடாகவே மாறுகிறது. அதாவது மேல்குழாயை முழுசாகத் திறந்துவிடுகிறது. அடி அடைபட்டிருக்கும் நேரத்தில் மேலே முழுசாகத் திறந்தால் தொட்டி வழியத்தானே செய்யும்? உடம்பெங்கும் ரத்தக்குழாய்கள் ஒரே நேரத்தில் விரிந்து, பிபி சட்டென்று சரிந்துவிடும். ஏற்கெனவே அடைப்போடு திணறுகிற இதயத்துக்கு, வேண்டிய ரத்தம் போய்ச் சேராது. காப்பாற்றக் கொடுத்த மாத்திரையே ஆளை எடுத்துவிடக்கூடும்.

இத்தனைக்கும் சில்டனாஃபில் பிறந்ததே நெஞ்சுவலிக்காகத்தான். இங்கிலாந்தின் சாண்ட்விச் என்ற ஊரில் ஃபைசர் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் இதய வலிக்கு மருந்து தேடியபோது உருவானது அது. இதயத்துக்குப் பெரிதாகப் பயன்படவில்லை. சோதனையில் இருந்த ஆண்கள் வேறொரு விளைவைச் சொன்னார்கள். 1998 மார்ச்சில் அமெரிக்காவில் விறைப்புக் குறைபாட்டுக்கு அனுமதி கிடைத்தது. நைட்ரிக் ஆக்சைடு ரத்தக்குழாயில் செய்கிற வேலையைக் கண்டுபிடித்த மூவருக்கு அதே ஆண்டு நோபல் பரிசும் கிடைத்தது.

சில்டனாஃபில் போட்டு 24 மணி நேரத்துக்குள் சார்பிட்ரேட் போன்ற நைட்ரேட் வகை மருந்து எதையும் கொடுக்கக்கூடாது. டடாலாஃபில் உடம்பில் வெகுநேரம் தங்குவதால் அதற்கு 48 மணி நேரம். சனிக்கிழமை ராத்திரி போட்ட டடாலாஃபிலை ஞாயிறு சாயங்காலம் நெஞ்சு வலிக்கும்போது நீங்கள் மறந்திருப்பீர்கள், உங்கள் உடம்பு மறந்திருக்காது. இதய நோய்க்காக ஐசோசார்பைடு, நைட்ரோகிளிசரின், நிக்கோராண்டில் ஆகியவற்றில் ஏதாவது ஒன்றை வழக்கமாக எடுப்பவர்கள் இந்த மாத்திரைகளைத் தொடவே கூடாது. மணி பார்த்து இடைவெளி விட்டுப் போட்டுக்கொள்கிறேன் என்ற கணக்கும் வேண்டாம். பெயர் தெரியாவிட்டால் பரவாயில்லை. வீட்டில் இருக்கிற எல்லா அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்து வாருங்கள், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

"நான் இங்கிலீஷ் மாத்திரையெல்லாம் போடுறதில்ல சார், லேகியம்தான்" என்பார்கள் சிலர். அதையும் சொல்ல வேண்டும். முறையாகப் படித்துப் பதிவு செய்த சித்த மருத்துவர்களை நான் குறிப்பிடவில்லை. லேபிளே இல்லாத டப்பாவையும், போன் விளம்பரம் பார்த்து கூரியரில் வரவழைக்கிற கேப்சூலையும்தான் சொல்கிறேன். மூலிகை என்று விற்கப்படும் இப்படிப்பட்ட சரக்குகளில் சில்டனாஃபிலையே கலந்திருப்பதை அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை திரும்பத் திரும்பக் கண்டுபிடித்திருக்கிறது. எவ்வளவு கலந்திருக்கிறது என்பது விற்பவருக்கே தெரியாது.

சிங்கப்பூரில் நடந்தது இதைவிட மோசம். 2008இல் முதல் 5 மாதங்களுக்குள், சர்க்கரை நோயே இல்லாத சுமார் 150 பேர் சர்க்கரை ஒரேயடியாக இறங்கி ஆஸ்பத்திரிகளில் சேர்ந்தார்கள். தோண்டிப் பார்த்தால், போலி டடாலாஃபிலும் மூலிகை என்று விற்ற ஆண்மை மருந்துகளும். அவற்றில் கிளிபென்கிளமைடு கலந்திருந்தது. சர்க்கரையைக் குறைக்க நான் தினமும் எழுதுகிற வகையைச் சேர்ந்த மாத்திரை! 4 பேர் இறந்துபோனார்கள். இதைப் பற்றிய மருத்துவக் கட்டுரையைப் படித்த நாளிலிருந்து, காரணம் தெரியாமல் சர்க்கரை இறங்கி வருகிற ஆண்களிடம் இந்தக் கேள்வியையும் சேர்த்துக் கேட்கிறேன்.

மாத்திரைக்கு முன்னால் டாக்டரைப் பார்க்கச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஆணுறுப்புக்குப் போகும் ரத்தக்குழாயின் விட்டம் 1 முதல் 2 மில்லிமீட்டர்தான். இதயக் குழாய் 3 முதல் 4 மில்லிமீட்டர். கொழுப்பு படிய ஆரம்பித்தால் முதலில் அடைவது சின்னக் குழாய். நெஞ்சுவலி வருவதற்குச் சில வருடங்கள் முன்பே விறைப்புக் குறைந்து பல பேருக்கு எச்சரிக்கை வந்துவிடுகிறது. 40, 45 வயதில் அப்படி ஆரம்பித்தால், சர்க்கரை, அதன் மூன்று மாத சராசரி, கொழுப்பு, பிபி எல்லாம் பார்க்காமல் மாத்திரையை மட்டும் விழுங்குவது, வீட்டில் புகை வருகிறது என்று ஜன்னலைத் திறந்துவைப்பது மாதிரி. தேவைப்பட்டால் காலையில் ரத்தம் எடுத்து டெஸ்டோஸ்டிரோனும் பார்ப்போம். நீங்கள் ஏற்கெனவே போடுகிற சில பிபி மாத்திரைகளும் மனச்சோர்வு மாத்திரைகளும்கூடக் காரணமாக இருக்கலாம். அவற்றை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், மாற்றித் தர வழி இருக்கிறது.

கல்யாணமான புதிதில் பயத்தோடு வருகிற பையன்கள் தனி ரகம். அதிகாலையில் விறைப்பு வருகிறதா என்று கேட்பேன். வருகிறது என்றால் பெரும்பாலும் குழாயும் நரம்பும் சரியாகவே இருக்கின்றன, பதற்றம்தான் கெடுக்கிறது. அவர்களுக்குப் பேச்சே போதும்.

எழுதிக் கொடுத்த பிறகு "வேலை செய்யல டாக்டர்" என்று திரும்பி வருகிறவர்களிடம் விசாரித்தால், பாதி நேரம் ராத்திரி பிரியாணி வந்து நிற்கும். எண்ணெயும் கொழுப்புமாகச் சாப்பிட்டால் சில்டனாஃபில் வேலை செய்ய ஒரு மணி நேரம் கூடுதலாகப் பிடிக்கும். அது புரியாமல் இன்னொன்றை எடுத்துப் போடுவதுதான் ஆபத்து. ஒரு நாளைக்கு ஒரு தடவைதான். வழக்கமாக 50 மில்லிகிராமில் ஆரம்பிப்போம். 65 வயதைத் தாண்டியவர்களுக்கும் கல்லீரல், சிறுநீரகப் பிரச்சினை உள்ளவர்களுக்கும் 25 போதும். எடுத்த எடுப்பில் 100 யாருக்கும் வேண்டாம். அன்று குடிக்கவும் வேண்டாம், குடித்தால் பிபி இன்னும் இறங்கும்.

புராஸ்டேட்டுக்காக டாம்சுலோசின் போடும் பெரியவர்கள் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். இரண்டும் சேர்ந்தால் எழுந்து நிற்கும்போது தலை சுற்றி விழுந்துவிடலாம். நம் ஊரில் அதிகம் கவனிக்கப்படாத ஒன்று படர்தாமரை மாத்திரை. வெயில் காலம் வந்தால் தொடையிடுக்கு அரிப்புக்கு இட்ராகோனசோல் எழுதாத கிளினிக் இல்லை. அது சில்டனாஃபிலை உடம்பிலிருந்து வெளியேற விடாமல் தேக்கிவைக்கும். போட்டது 50 என்றாலும் உடம்புக்கு அது அதிக அளவாகத்தான் தெரியும். கிளாரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாட்டிக்கும் அப்படியே.

முகம் சிவப்பது, தலைவலி, மூக்கடைப்பு, கொஞ்ச நேரம் பார்வையில் நீல நிறம் படிவது இதெல்லாம் வரலாம், போய்விடும். 4 மணி நேரம் தாண்டியும் விறைப்பு இறங்கவில்லை என்றால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். உறுப்பே நிரந்தரமாகக் கெட்டுவிடும். ஒரு கண்ணில் திடீரென்று பார்வை மங்கினாலோ காது அடைத்துக் கேட்காமல் போனாலோ அந்த நிமிடமே மாத்திரையை நிறுத்திவிட்டு ஓடி வாருங்கள்.

அரிசிக்கடைக்காரருக்கு ஸ்டென்ட் வைத்தார்கள். இரண்டு மாதம் கழித்து மனைவியோடு என்னிடம் வந்தார். இப்போது ஐசோசார்பைடு ஓடுவதால் அந்த மாத்திரை கூடாது, இதய டாக்டர் ஐசோசார்பைடை நிறுத்தலாம் என்று சொன்ன பிறகு பேசலாம் என்றேன். தலையாட்டிவிட்டு பில் கட்டப் போனார்.

மனைவி எழுந்திருக்கவில்லை. குரலைத் தாழ்த்திச் சொன்னார். "அந்த மாத்திரை விஷயம் எனக்குத் தெரியும் டாக்டர். கல்லாப்பெட்டிக்குப் பின்னாடி வச்சிருப்பார். அன்னைக்கே உங்ககிட்ட சொல்லணும்னுதான் நினைச்சேன். மகனும் மருமகளும் பக்கத்துல நின்னாங்க, வாய் வரல."

இப்போதெல்லாம் வீட்டாரை வெளியே அனுப்பும்போது, மனைவியை மட்டும் ஒரு ஓரமாக நிறுத்தி அவரிடமும் கேட்டுவிடுகிறேன்.