‘சூழல்’ என்றே எழுதுங்கள்

பாபநாசம் பக்கத்தில் ஒரு பள்ளியில் பெற்றோர் கூட்டம். பேச வந்தவர் நிறையப் படித்தவர். “பிள்ளையின் குணத்தில் பாதி மரபு, பாதி வளர்ப்பு” என்று கரும்பலகையில் எழுதினார். பின்வரிசையில் ஓர் அம்மா எழுந்தார். “சார், மரபும் எங்ககிட்டேருந்துதான் வருது, வளர்ப்பும் எங்களுதுதான். அப்ப புள்ள முரடா இருந்தா முழுக் குத்தமும் எங்க மேலதானா?” பேச்சாளர் ஆமாம் என்பதுபோலத் தலையசைத்துவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார். அந்த அம்மா தலை கவிழ்ந்து உட்கார்ந்தது இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

இந்த ‘வளர்ப்பு’ என்ற மொழிபெயர்ப்பைப் பல வருடங்களாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அன்று கேட்டதற்குப் பிறகு சும்மா இருக்க முடியவில்லை.

மூலச் சொல் ‘என்விரான்மென்ட்’. சுற்றி வளைத்தல் என்ற பொருளுள்ள பிரெஞ்சு வேரிலிருந்து வந்தது. இதோடு குழம்பிக் கிடப்பது ‘நர்ச்சர்’. அதன் லத்தீன் வேருக்கு ஊட்டுதல், பாலூட்டுதல் என்று பொருள். ‘நேச்சர், நர்ச்சர்’ (பிறவியில் வருவது, பின்னால் சேர்வது) என்ற ஜோடியை அறிவியலில் பரப்பியவர் ஆங்கிலேய அறிவியலாளர் பிரான்சிஸ் கால்டன், 1874-இல். நம்மவர்கள் வேரைப் பார்த்து ‘வளர்ப்பு’ என்று போட்டுவிட்டார்கள். கால்டன் தந்த விளக்கத்தைப் பார்க்கவில்லை. பிறந்தபின் வெளியிலிருந்து ஒருவரைப் பாதிக்கும் எல்லாமே நர்ச்சர் என்றுதான் அவர் வரையறுத்தார். இன்றைய ஆய்வாளர்கள் தாயின் வயிற்றில் இருக்கும் காலத்தையும் அதில் சேர்க்கிறார்கள். அதாவது, மரபணு அல்லாத அத்தனையும். அம்மா சோறு ஊட்டியதும் அதில்தான், ஐந்து வயதில் வந்த காய்ச்சலும் அதில்தான், ஆறாம் வகுப்பில் பக்கத்தில் உட்கார்ந்த பையனும் அதில்தான்.

தமிழில் ‘வளர்ப்பு’ அப்படிப்பட்ட சொல்லா? வளர்ப்பு என்றால் வளர்த்தவர் ஒருவர் இருக்க வேண்டும். எங்கள் ஊரில் “வளர்ப்பு சரியில்லை” என்றால் அது நேராகத் தாயின் மேல் விழுகிற வசவு. அப்பாவைக்கூட அவ்வளவாகத் தொடாது. இப்படி ஆள் சுட்டும் சொல்லை, யாரையும் சுட்டாத ஓர் அறிவியல் சொல்லின் இடத்தில் வைத்தால் என்ன ஆகும்? அந்தக் கூட்டத்தில் ஆனதுதான்.

நெற்பயிரை வைத்துச் சொல்கிறேன், டெல்டாக்காரருக்கு அதைவிடத் தெளிவான உதாரணம் கிடையாது. ஒரே மூட்டை ஆடுதுறை 43 விதையை இரண்டாகப் பிரித்து, தலைமடையில் ஒரு வயலிலும் கடைமடையில் ஒரு வயலிலும் விதைக்கிறோம். மேட்டூர் ஜூன் 12-இல் திறந்தாலும் கடைமடைக்குத் தண்ணீர் வந்து சேர நாளாகிறது. அப்புறம் புகையான் பூச்சி விழுகிறது, அறுக்கிற நேரத்தில் மழை அடிக்கிறது. விளைச்சல் குறைகிறது. விதை ஒன்றே என்பதால் இரண்டு வயலுக்கும் உள்ள வித்தியாசம் முழுக்கச் சூழலால் வந்தது. இதைக் கடைமடை விவசாயியிடம் போய் “உங்க வளர்ப்பு சரியில்லை” என்று சொல்ல யாருக்காவது மனசு வருமா? உரம் போட்டதும் களை பறித்ததும் அவர் வளர்ப்பு. ஆற்றில் தண்ணீர் வராதது அவர் வளர்ப்பா?

“பாதி மரபு” என்பதிலும் ஒரு சறுக்கல் உண்டு. இரட்டைப் பிள்ளைகளை ஒப்பிட்டு ஐம்பது ஆண்டுகளாக நடந்த ஆய்வுகளைத் திரட்டி 2015-இல் வந்த ஒரு தொகுப்பு, உடலும் மனமும் சார்ந்த 17,804 பண்புகளைப் பார்த்துச் சராசரியில் மரபின் பங்கு 49 சதவீதம் என்றது. குணத்தை மட்டும் எடுத்தால் 40 முதல் 50 வரை சொல்கிறார்கள். இது மனிதருக்கு மனிதர் உள்ள வித்தியாசத்தின் கணக்கு. “என் கோபத்தில் பாதி அப்பா கொடுத்தது” என்று தனி ஆளுக்குப் பிரித்துச் சொல்ல அதில் வழியில்லை. மற்றப் பாதியில் இன்னும் முக்கியமான செய்தி இருக்கிறது. வளர்ந்தவர்களின் குணத்தைப் பார்த்தால், ஒரே வீட்டில் வளர்ந்தது என்பதால் உடன்பிறந்தவர்களுக்குள் வரும் ஒப்புமை மிகக் குறைவு. ஒவ்வொரு பிள்ளைக்கும் தனியாக நேர்வதுதான் அதிகம். பெற்றோர் மூத்தவனிடம் ஒரு மாதிரியும் இளையவனிடம் ஒரு மாதிரியும் நடந்துகொள்வதும் அதில் சேரும். பெற்றோருக்குப் பங்கே இல்லை என்று இதற்குப் பொருள் இல்லை. பசியும் அடியும் அன்பும் பிள்ளையின் வாழ்க்கையை மாற்றும். ஆனால் ‘பாதி வளர்ப்பு’ என்ற கணக்கு எங்கும் இல்லை.

ஒரே வீட்டில் பொதுவாக இருப்பதற்கும் தனியாக நேர்வதற்குமான ஆங்கிலச் சொற்களைப் ‘பகிரப்பட்ட சூழல்’, ‘பகிரப்படாத சூழல்’ என்று எழுதுகிறார்கள். வாயில் நுழையவில்லை. கூட்டுப் பட்டா, தனிப் பட்டா தெரியாதவர் நம் பக்கம் உண்டா? அதே போலக் கூட்டுச் சூழல், தனிச் சூழல் என்று சொன்னால் யாருக்கும் விளங்கும்.

‘சுற்றுச்சூழல்’ என்று போடுபவர்களும் இருக்கிறார்கள். நல்ல சொல்தான், ஆனால் அதற்கு வேறு வேலை வந்துவிட்டது. “பிள்ளையின் குணத்தில் சுற்றுச்சூழலுக்குப் பங்குண்டு” என்று படித்தால், நம் ஊர்க்காரர் மாசுபட்ட ஆற்றையும் எண்ணெய்க் கிணற்றையும்தான் நினைப்பார். ஆசிரியர் பயிற்சிப் புத்தகங்களில் வரும் ‘சூழ்நிலை’ பரவாயில்லை. ஆனாலும் “சூழ்நிலை சரியில்லை, அப்புறம் பேசலாம்” என்கிறோமே, அது அந்த நேரத்து நிலைமையைச் சொல்கிற சொல். இருபது வருடம் ஒரு பிள்ளையைச் சுற்றி இருப்பதைத் தாங்காது.

‘சூழல்’ தாங்கும். சூழ் என்ற வேர் பழையது. காவிரிக் கரைக் கோயில்களைப் பாடும் தேவாரத்தில் பொழில் சூழ், வயல் சூழ், புனல் சூழ் என்று திரும்பத் திரும்ப வரும். ஊரை வயலும் நீரும் வளைத்து நிற்பதுபோலப் பிள்ளையை வளைத்து நிற்பதெல்லாம் சூழல். வீடும் அதற்குள் அடக்கம், தெருவும் அடக்கம். இவ்வளவு நல்ல சொல் கையில் இருக்கும்போது மொழிபெயர்ப்பாளர்கள் அகராதியின் முதல் பொருளை எடுத்து ஒட்டிவிட்டுப் போவது எனக்குப் பொறுக்கவில்லை. கட்டுரையை ஒரு முறை பக்கத்து வீட்டு அம்மாவுக்குப் படித்துக் காட்டியிருந்தாலே தவறு தெரிந்திருக்கும்.

அன்று கரும்பலகையில் ‘வளர்ப்பு’ என்ற இடத்தில் ‘சூழல்’ என்று எழுதியிருந்தால், அந்த அம்மாவுக்கு “இல்லம்மா” என்று பதில் சொல்லப் பேச்சாளருக்கே தோன்றியிருக்கும்.