எம்.சி.பி.க்குத் தெரியாத சூடு

மும்பையின் பழைய குடியிருப்புகள் பலவற்றில் கீசருக்கென்று தனியாக ஒரு 16 ஆம்பியர் பிளக் பாயிண்ட் இருக்கும். அதன் பின்புறம் மின்கம்பியைப் பிடித்திருக்கும் திருகு, ஆண்டுக்கணக்கில் சூடாகியும் ஆறியும் மெல்லத் தளர்ந்திருந்தால் என்ன நடக்கும் என்பதைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். 2000 வாட் கீசர் 230 வோல்ட்டில் ஏறத்தாழ 8.7 ஆம்பியர் மின்னோட்டத்தை இழுக்கிறது. தளர்ந்த இணைப்பின் மின்தடை வெறும் 0.2 ஓம் என்றே கொள்வோம். மின்னோட்டத்தின் வர்க்கத்தை மின்தடையால் பெருக்கினால், அந்த ஒரு புள்ளியில் மட்டும் 15 வாட் வெப்பம் பிறப்பது தெரியும். காற்றோட்டமில்லாத பெட்டிக்குள், பொதுவாக 70 டிகிரி செல்சியஸ் வரைதான் தாங்கக்கூடிய பி.வி.சி. உறையை ஒட்டி, ஒரு சிறிய சால்டரிங் அயனை வைத்துவிட்டு மறந்துபோனதற்கு இது சமம். சூட்டில் செம்பு மேலும் ஆக்சைடு பூக்கும், மின்தடை மேலும் கூடும், சூடும் கூடும்.

இத்தனைக்கும் எம்.சி.பி. அசையாது. கூடுதல் மின்னோட்டம் பாய்ந்தால் மட்டுமே விழும்படி அமைந்த கருவி அது. இங்கோ மின்தடை கூடியதால் மின்னோட்டம் ஒரு சதவீதத்துக்கும் குறைவான அளவில் குறையவே செய்திருக்கிறது. பூமிக்குக் கசியும் 30 மில்லி ஆம்பியரைக் கண்டு விழும் ஆர்.சி.சி.பி.யும் விழாது, ஏனெனில் கசிவே இல்லை. எலக்ட்ரீசியன் டெஸ்டரை வைத்துப் பார்த்தாலும் விளக்கு வழக்கம்போலத்தான் எரியும். பழுதின் ஒரே வெளிப்பாடு வெப்பம். வெப்பத்தைப் படமாக்கிக் காட்டும் தெர்மல் கேமரா பார்ப்பது அதைத்தான்.

1800ஆம் ஆண்டில் வில்லியம் ஹெர்ஷல், முப்பட்டகம் பிரித்துக் காட்டிய நிறமாலையில் சிவப்புக்கு அப்பால், கண்ணுக்கு ஒன்றும் தெரியாத இடத்தில் வெப்பமானியை வைத்தபோது அது ஏறுவதைக் கண்டார். அந்த அகச்சிவப்புக் கதிர்களை எல்லாப் பொருள்களும் இடைவிடாது வீசிக்கொண்டிருக்கின்றன. 30 டிகிரி வெப்பநிலையிலுள்ள சுவர் வீசும் கதிர்களின் உச்சம் ஏறத்தாழ 9.6 மைக்ரோமீட்டர் அலைநீளத்தில் இருக்கிறது. கதிர்வீச்சின் அளவு தனி வெப்பநிலையின் (கெல்வின் அளவில் சொல்லப்படும் வெப்பநிலையின்) நான்காம் அடுக்குக்கு ஏற்ப உயர்வதால், அதே பரப்பு 60 டிகிரிக்குப் போனால் வீசும் ஆற்றல் ஏறத்தாழ 45 சதவீதம் கூடிவிடும். கேமராவுக்குக் கிடைக்கும் துப்பு இந்த வேறுபாடுதான்.

சாதாரணக் கண்ணாடி இக்கதிர்களை ஊடுருவ விடாது என்பதால் இதன் லென்ஸ் பெரும்பாலும் ஜெர்மானியம் என்ற தனிமத்தால் ஆனது. உள்ளே இருக்கும் உணரியில், சுமார் 12 மைக்ரோமீட்டர் அகலமுள்ள நுண்தகடுகள் ஆயிரக்கணக்கில், மெல்லிய கால்களின்மேல் அந்தரத்தில் நிற்கின்றன. கதிர் விழுந்து தகடு சூடேறினால், அதன்மீது பூசப்பட்ட வனேடியம் ஆக்சைடின் மின்தடை ஒரு டிகிரிக்கு ஏறத்தாழ 2 சதவீதம் என்ற கணக்கில் மாறும். அந்த மாற்றமே எண்ணாகி நிறமாகிறது. கருவியைக் கையில் எடுப்பவர்கள், அவ்வப்போது படம் ஒரு நொடி உறைந்து ‘டிக்’ என்று ஓர் ஒலி எழுவதைக் கவனிக்கலாம். உணரிக்கு முன்னால் ஒரு சிறு மூடி விழுந்து எழும் ஒலி அது. ஒரே சீரான வெப்பநிலையுள்ள அந்த மூடியைப் பார்த்துத் தகடுகள் தங்கள் அளவைச் சரிசெய்துகொள்கின்றன.

இக்கேமரா சுவருக்குள் ஊடுருவிப் பார்க்கும் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது, அது தவறு. மேற்பரப்பின் வெப்பநிலை மட்டுமே அதற்குத் தெரியும். ஆகவே சுவிட்ச் போர்டின் மூடித் தகடு பக்கத்திலுள்ள தகட்டைவிட ஐந்து டிகிரி கூடுதலாகக் காட்டினால், உள்ளே இருக்கும் திருகு அதைவிட மிகவும் சூடாக இருக்கக்கூடும் என்று கொள்ள வேண்டும். மூடியைத் திறந்தாலோ வேறொரு சிக்கல் வருகிறது. பளபளப்பான செம்பும் பித்தளையும் மிகக் குறைவாகவே கதிர் வீசி, எதிரில் இருப்பதைப் பிரதிபலிக்கும் என்பதால், கொதிக்கும் திருகும் குளிர்ந்ததாகவே படத்தில் தோன்றும். அனுபவமுள்ளவர்கள் திருகை விட்டுவிட்டு, அதை ஒட்டிய கம்பி உறையைப் பார்ப்பார்கள். அல்லது மின்சாரத்தை நிறுத்திய பிறகு ஒரு துண்டு இன்சுலேஷன் டேப்பை ஒட்டி அதை அளப்பார்கள். தொலைவும் முக்கியம். 50 டிகிரி பார்வைக் கோணமும் குறுக்கே 256 புள்ளிகளும் கொண்ட ஒரு கேமரா, மூன்று மீட்டர் தள்ளி நின்றால் ஒரு புள்ளிக்குள் ஒரு சென்டிமீட்டரை அடக்கிவிடுகிறது. 5 மில்லிமீட்டர் திருகின் சூடு அக்கம்பக்கத்தோடு சராசரியாகிக் காணாமல் போய்விடும்.

சோதனை நேரத்தில் கருவிகள் ஓடிக்கொண்டிருக்க வேண்டும் என்பதையும் பலர் மறந்துவிடுகிறார்கள். வெப்பம் மின்னோட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. பாதிச் சுமையில் கால் பங்கு வெப்பமே பிறக்கும். பகல் பதினொரு மணிக்கு எல்லாரும் அலுவலகம் போன பிறகு சொசைட்டியின் (குடியிருப்புச் சங்கத்தின்) மீட்டர் ரூமைப் படம்பிடித்து ‘எல்லாம் சரி’ என்று அறிக்கை தருவதில் எனக்குச் சற்றும் நம்பிக்கையில்லை. கீசர்கள் ஓடும் காலை வேளையோ, ஏ.சி.கள் ஓடும் இரவோதான் உண்மையைச் சொல்லும். அப்போதும் தனி எண்ணைவிட ஒப்பீடே பெரிது. ஒரே சுமையிலுள்ள மூன்று இணைப்புகளில் ஒன்று மட்டும் 15 டிகிரிக்கு மேல் கூடுதலாக இருந்தால், அதை உடனே கவனிக்க வேண்டும் என்பது துறையில் நிலவும் நடைமுறை. திரையின் நிறங்களை மட்டும் நம்பக் கூடாது. இரண்டு டிகிரி வேறுபாட்டைக்கூடச் செக்கச்செவேலென்று காட்டும்படி, நிறங்களுக்குரிய வெப்பநிலை வரம்பைக் கருவி தானாகவே சுருக்கிக்கொள்ளும். விற்க வருபவர்களுக்கு இது மிகவும் வசதியானது.

ஓதம் பிடித்த சுவரைக் கண்டறிவது இதற்கு நேர்மாறான வேலை. அங்கே தேட வேண்டியது குளிர்ச்சி. ஒரு கிராம் நீர் ஆவியாக ஏறத்தாழ 2400 ஜூல் வெப்பம் தேவைப்படுவதால், ஈரமான இடம் சுற்றியுள்ள சுவரைவிடச் சற்றுக் குளிர்ந்திருக்கும். மேல்மாடிக் குளியலறைக் கசிவு சுவருக்குள் பதித்த மின்குழாய்க்குள் இறங்கும் வீடுகளில் இது அழகுப் பிரச்சினை அல்ல, உயிர்ப் பிரச்சினை. ஆனால் மும்பையின் மாட்டுங்காவிலோ செம்பூரிலோ ஜூலை மாதத்தில் கசிவு உச்சத்தில் இருக்கும்போதே இந்தச் சோதனை மிகவும் பலவீனமாகிவிடுகிறது. காற்று ஏற்கெனவே ஈரத்தால் நிறைந்திருப்பதால் ஆவியாதல் ஏறக்குறைய நின்றுபோய், குளிர்ந்த தடம் மங்கிவிடும். அறையை மூடி ஏ.சி.யைச் சில மணி நேரம் ஓடவிட்டுக் காற்றை உலர்த்தினால் தடம் மீண்டும் தெளியும், ஏ.சி.யின் காற்று நேராகப் படும் சுவரை மட்டும் கணக்கில் சேர்க்கக் கூடாது. குளிர்ந்த தடமெல்லாம் ஈரமும் அல்ல. உள்ளே ஓடும் தண்ணீர்க் குழாயும் கான்கிரீட் தூணும் அப்படியே தோன்றும் என்பதால், ஈரமானியை வைத்து உறுதி செய்யாமல் யாரும் சுவரை உடைக்கத் தொடங்கக் கூடாது.

மும்பையில் 30 ஆண்டுகளைக் கடந்த கட்டடங்களுக்குக் கட்டமைப்புத் தணிக்கை கட்டாயம் என்பதால், வெளிச்சுவர்களிலும் இக்கேமராவால் பயனுண்டு. கடற்காற்றின் உப்பால் கான்கிரீட்டுக்குள் இருக்கும் இரும்புக் கம்பி துருப்பிடித்து, பூச்சு சுவரைவிட்டு விலகிய இடத்தில், இடையிலுள்ள காற்று வெப்பத்தை உள்ளே போகவிடாது. வெயிலில் அந்தப் பூச்சு சுற்றியுள்ள பகுதியைவிட விரைவாகச் சூடேறும், இரவில் விரைவாக ஆறும். சுத்தியலால் தட்டிப் பார்க்கச் சாரம் கட்டுவதற்கு முன்பே, எங்கே தட்ட வேண்டும் என்பது தெரிந்துவிடும்.

பழுது தெரிந்தால் வேலையை உரிமம் பெற்ற எலக்ட்ரீசியனிடம் விட வேண்டும். முத்திரையிட்ட மீட்டரை அவரும் திறக்கக் கூடாது, மின் விநியோக நிறுவனத்துக்குத்தான் தெரிவிக்க வேண்டும். திருகை இறுக்குவது மட்டும் போதாது. கருகிய கம்பி முனையை வெட்டியெறிந்து, சூட்டில் இளகிய பிளக் பாயிண்ட்டை மாற்றுவதே முறை. பிறகு அதே கீசரை அதே நேரம் ஓடவிட்டு, அதே தொலைவிலிருந்து மீண்டும் ஒரு படம் எடுத்து, முதல் படத்தோடு சேர்த்து சொசைட்டியின் கோப்பில் வைத்துவிட்டால், அடுத்த ஆண்டு சோதிக்க வருபவருக்கு ஒப்பிட்டுப் பார்க்க ஓர் அடிப்படை கிடைக்கும்.