சப்ஸ்ட்ரேட்: தமிழில் அடிவிரிப்பு

பாம்பு, பல்லி, ஆமை வளர்ப்பவர்கள் வாயில் அடிக்கடி வரும் சொல் சப்ஸ்ட்ரேட். கண்ணாடித் தொட்டியின் அடியில் போடும் மண், மரச்சீவல், தென்னைநார்த் தூள், காகிதம் எல்லாவற்றுக்கும் அதுதான் பெயர்.

இணையத்தில் இதை ‘அடி மூலக்கூறு’ என்று போட்டுவிடுகிறார்கள். மூலக்கூறு என்பது வேதியியலில் மாலிக்யூல். பாம்பு படுத்துக்கிடக்கும் மரச்சீவலுக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. பாடநூலில் வரும் ‘தளப்பொருள்’ நொதி (என்சைம்) வினைபுரியும் பொருளுக்கு உரியது. அது அங்கேயே இருக்கட்டும்.

இலத்தீனில் ‘சப்’ என்றால் அடியில். ‘ஸ்டெர்னெரே’ என்றால் விரித்தல், பரப்புதல். கல் பரப்பிய சாலையைக் குறித்த ‘ஸ்ட்ராட்டா’தான் ஆங்கிலத்தில் ஸ்ட்ரீட் ஆனது. ஆக, அடியில் விரித்தது அடிவிரிப்பு. காகிதம், ஓடு, மண் எதற்கும் பொருந்தும். உதிரியாகக் கொட்டுவதற்கு மட்டும் நம் கோழிப்பண்ணைகளில் இன்னும் நல்ல சொல் இருக்கிறது: கூளம். உமியும் மரத்தூளும் பரப்பிக் கோழி வளர்ப்பதை ஆழ்கூள முறை என்றுதானே சொல்கிறோம்!

எதைப் போடுவது என்பது விலங்கைப் பொறுத்தது. லெப்பர்ட் கெக்கோ பல்லியின் பூர்விகம் ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான் பக்கத்துக் கல்லும் இறுகிய மண்ணுமான வறண்ட நிலம். ‘செரித்துவிடும்’ என்று சொல்லி விற்கும் கால்சியம் மணலை அதற்குப் போடாதீர்கள். இரையோடு விழுங்கினால் குடலடைப்பு வரலாம். குட்டிகளுக்குக் காகிதமே போதும்.

ஆப்பிரிக்காவின் பால் பைத்தான் (ball python) மலைப்பாம்புக்கு ஈரப்பதம் வேண்டும். அதற்குத் தென்னைநார்த் தூள் அருமையான கூளம். பொள்ளாச்சிப் பக்கமிருந்து கட்டிகளாக அழுத்தி வெளிநாட்டுக்குப் போவதும் இதுதான். கட்டியை ஊறவைத்து உதிர்த்து, ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பாருங்கள். கையைத் திறந்தால் உருண்டை நிற்க வேண்டும், விரலிடுக்கில் தண்ணீர் சொட்டக்கூடாது. சொட்டினால் உலர்த்துங்கள். சொதசொதவென்ற கூளத்திலேயே கிடந்தால் பாம்பின் வயிற்றுச் செதில் புண்ணாகிவிடும்.

கார்ன் ஸ்னேக் என்ற பாம்பு வளை பறித்துப் பதுங்குவது. அதற்கு ஆஸ்பென் மரச்சீவல் சரி, ஆனால் நனைந்தால் பூஞ்சணம் பிடிக்கும். சீடர் (cedar) மரச்சீவல் மட்டும் எதற்கும் வேண்டாம். நமக்கு மணக்கும் அதன் எண்ணெய், மூடிய தொட்டிக்குள் பாம்பின் மூச்சுக்குக் கேடு.

அப்புறம், புதிதாக வாங்கிய பாம்பு எதுவானாலும் முதல் சில வாரம் கூளமே வேண்டாம். வெறும் வெள்ளைத் தாளை விரியுங்கள். எச்சம் இளகியிருந்தாலும், கடுகைவிடச் சிறிய கருப்பு உண்ணி ஊர்ந்தாலும் உடனே கண்ணில் படும்.