படித்தவர் எப்படி ஏமாந்தார் என்று இனிமேல் கேட்காதீர்கள்

பங்குச்சந்தை ஆலோசனை என்ற பெயரில் நடந்த வாட்ஸ்அப் குழுவில் சேமிப்பை இழந்துவிட்டு, இந்த மாதம் என்னிடம் உளவியல் ஆலோசனைக்கு வந்த மூன்றாவது நபர் அவர். பணி ஓய்வு பெற்ற கணித ஆசிரியர். உட்காருவதற்குள் உடன் வந்த மகன் ஆரம்பித்துவிட்டார்: "முப்பது வருஷம் கணக்கு சொல்லிக்கொடுத்தவர் மேடம், இதைப் போய் எப்படி நம்பினார்?" இந்தக் கேள்வியைக் கேட்டுக் கேட்டு எனக்குச் சலித்துவிட்டது.

கூட்டத்தோடு ஒத்துப்போவது அறிவுக்குறைவு அன்று. 1950களின் தொடக்கத்தில் அமெரிக்க உளவியலாளர் சாலமன் ஆஷ், ஒரு கோட்டைக் காட்டி, அதே நீளமுள்ள கோடு மூன்றில் எது என்று கல்லூரி மாணவர்களிடம் கேட்டார். அறையில் ஒருவரைத் தவிர மற்ற அனைவரும் அவர் ஏற்பாடு செய்தவர்கள். சொல்லிவைத்தாற்போல் தவறான விடையையே சொன்னார்கள். தனியாகக் கேட்டால் யாருமே அநேகமாகத் தவறாத அந்தக் கேள்விக்கு, மூன்றில் ஒரு பங்கு விடைகள் கூட்டத்தின் பக்கம் சாய்ந்தன. சுமார் நான்கில் மூன்று பேர் ஒருமுறையாவது மசிந்தார்கள். கோட்டின் நீளம் பார்க்கக் கணிதப் பட்டம் எதற்கு?

ஆசிரியரின் குழுவிலும் மற்றவர்கள் ஏற்பாடு செய்யப்பட்டவர்களே. காலை 9.15க்குச் சந்தை திறந்த சிறிது நேரத்திலேயே "லாபம் வந்தது, நன்றி சார்" என்று வரிசையாகச் செய்திகள் விழும். பணத்தை எப்போது எடுக்கலாம் என்று ஒருநாள் தட்டச்சு செய்த ஆசிரியர், அனுப்பாமலேயே அழித்திருக்கிறார். "எல்லாரும் பேசாம இருக்கிறப்ப நான் மட்டும் கேட்டா என்ன நினைப்பாங்க" என்றார். மற்றவர்களுக்கு விவரம் தெரிந்திருக்கும் என்ற நம்பிக்கையையும், தனித்துத் தெரிந்துவிடுவோமோ என்ற கூச்சத்தையும் எங்கள் பாடநூல்கள் தனித்தனியே பிரித்துவைக்கின்றன. என் அறைக்குள் வருபவர்களிடம் இரண்டும் பின்னிக்கொண்டுதான் வருகின்றன.

ஆஷின் அறையில் ஒரே ஒருவர் மாற்றி விடை சொன்னபோது, அவர் சொன்னதும் தவறாகவே இருந்தாலும்கூட, கூட்டத்தின் பிடி வெகுவாகத் தளர்ந்தது. ஆகவே பணம் அனுப்பும் முன், குழுவில் இல்லாத ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். அவர் நிபுணராக இருக்கவேண்டியதில்லை. முதலீட்டு ஆலோசகரின் பதிவு எண்ணை, பங்குச்சந்தையை ஒழுங்குபடுத்தும் செபி அமைப்பின் இணையதளத்தில் நீங்களே தேடிப் பாருங்கள். அவர்கள் அனுப்பும் சான்றிதழ்ப் படத்தை நம்பாதீர்கள்.

பிள்ளைகளிடம் ஒரு வேண்டுகோள். மகன் திட்டுவான் என்று பயந்து ஆசிரியர் மறைத்துவைத்த நாட்களில்தான் இரண்டாவது தவணையும் போனது. திட்டுவதைத் தள்ளிவைத்துவிட்டு, முதலில் அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்து, இணையக் குற்றப் புகாருக்கான உதவி எண் 1930க்கு அழையுங்கள்.