“அவர் இருக்கும்போது தோழிகள் எதற்கு?”

போன வாரம் வந்தவருக்கு வயது 47. (ஆளை அடையாளம் காண முடியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) தூக்கம் வரவில்லை, காரணமே இல்லாமல் அழுகை, திடீர் திடீரென்று படபடப்பு. ரத்தப் பரிசோதனையும் இசிஜியும் எடுத்துப் பார்த்துவிட்டு, மனநல ஆலோசனைக்கு என்று என்னிடம் அனுப்பியிருந்தார்கள்.

முதல் சந்திப்பில் நான் நிரப்பச் சொல்லும் படிவத்தில் ஒரு கேள்வி உண்டு: அவசரம் என்றால் யாரைக் கூப்பிடலாம்? குடும்பத்தில் ஒருவர், வெளியே ஒருவர். கணவர் பெயரை உடனே எழுதிவிட்டார். இரண்டாவது வரியில் பேனா நின்றுபோனது. ஃபோனை எடுத்துத் தொடர்பு எண்களை மேலும் கீழும் தள்ளிக்கொண்டே இருந்தார். பள்ளி வேன், குழாய் ரிப்பேர், மகளின் டீச்சர், மாமியாரின் டாக்டர். நிமிர்ந்து, “அப்படி யாரும் இல்லை மேடம்” என்றார்.

இந்த மாதத்தில் அந்த வரியைக் காலியாக விட்ட ஆறாவது பெண் இவர். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

கேட்டால் எல்லோரும் ஏறக்குறைய ஒரே பதிலைத்தான் சொல்கிறார்கள். “அவர் ரொம்ப நல்லவர் மேடம். அவர் இருக்கும்போது தோழிகள் எதற்கு?” 18 ஆண்டுகளாக இந்த வேலையில் இருக்கிறேன். என்னை இந்த அளவுக்குக் கோபப்படுத்தும் வாக்கியம் வேறொன்று இல்லை.

அவர் நல்லவராகவே இருக்கட்டும். அவர்மேல் வருகிற வருத்தத்தை யாரிடம் சொல்வீர்கள்? எந்த வீட்டிலும் அது வராமல் இருக்காது. அவரிடமே சொன்னால் சில நாள் சண்டையாகும். சொல்லாவிட்டால் உள்ளேயே புளிக்கும். ஒரு தோழியிடம் பத்து நிமிடம் கொட்டியிருந்தால், பாதி விஷயம் சண்டைக்கே தகுதியில்லாதது என்று உங்களுக்கே தெரிந்திருக்கும். மீதிப் பாதியை அவரிடம் எப்படிப் பேசுவது என்றும் பிடிபட்டிருக்கும். காதலன், ஆலோசகர், பேச்சுத்துணை, பாராட்டுகிறவர், அழுதால் தோள் கொடுப்பவர், இத்தனையும் ஒரே மனிதராக இருக்க வேண்டும் என்று எதிர்பார்த்தால் அவருக்கும் மூச்சு முட்டும். “என்னோடு பேசவே மாட்டேன் என்கிறார்” என்று வருகிற தம்பதிகளில் பலரைப் பார்த்திருக்கிறேன். பேச்சுப் பசி முழுவதையும் ஒரே ஆளிடம் தீர்த்துக்கொள்ளப் பார்த்ததுதான் அங்கே சிக்கலாக இருக்கும். தோழிகள் காதலிலிருந்து எதையும் பிடுங்கிக்கொள்வதில்லை, அதன் பாரத்தைக் குறைக்கிறார்கள். அப்புறம், சொல்லக் கஷ்டமாக இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன்: கணவரை இழந்தபின் என்னிடம் வரும் பெண்களில், வெளியே யாருமே இல்லாதவர்கள் மீண்டுவர எவ்வளவு காலம் ஆகிறது என்பதைக் கண்ணால் பார்க்கிறேன்.

இந்த 47 வயதுப் பெண்ணையே எடுத்துக்கொள்ளுங்கள். தூக்கமின்மை, படபடப்பு, காரணமில்லாத அழுகை. மாதவிடாய் நிற்பதற்கு முந்தைய சில ஆண்டுகளில், பெரும்பாலும் நாற்பதுகளின் நடுவில் தொடங்குகிற மாற்றங்களில் இவை மூன்றும் உண்டு. மாதவிலக்கு முறையாக வருகிறதா என்று கேட்டேன். ஒரு வருடமாகத் தாறுமாறாம். மகப்பேறு மருத்துவரிடம் அனுப்பிவைத்தேன். தனக்குப் பைத்தியம் பிடிக்கிறது என்று எட்டு மாதம் பயந்துகொண்டே இருந்திருக்கிறார். “எனக்கும் இப்படித்தான் இருந்துச்சுடி, டாக்டரைப் பார்” என்று சொல்ல அதே வயதில் ஒருத்தி இருந்திருந்தால், எட்டு மாதம் எட்டு நாளாகியிருக்கும்.

நட்பைப் பொழுதுபோக்குக் கணக்கில் வைக்கிறவர்களுக்காக இரண்டு எண்கள். 148 ஆய்வுகளைச் சேர்த்து, 3 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் தரவை அலசி 2010-ல் ஒரு பகுப்பாய்வு வந்தது. உறவுகள் வலுவாக உள்ளவர்கள் ஆய்வுக் காலத்தில் உயிரோடிருக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட 50 சதவீதம் அதிகம் என்றது அது. தனிமையோடு தொடர்புள்ள மரணங்கள் ஆண்டுக்கு சுமார் 8,71,000 என்று உலக சுகாதார நிறுவனம் 2025-ல் மதிப்பிட்டது. ஆனால் பெண்களின் நட்பை ஆய்வுலகம் தாமதமாகத்தான் கவனித்தது. ஒரே ஆட்களின் வாழ்க்கையைப் பல்லாண்டுகள் பின்தொடர்ந்து பார்க்கும், இந்தத் துறையில் அடிக்கடி மேற்கோள் காட்டப்படும் ஹார்வர்டின் ஆய்வு 1938-ல் ஆண்களை மட்டும் வைத்துத் தொடங்கியது. பெண்கள் வெகுகாலம் கழித்துத்தான் அதற்குள் வந்தார்கள். நெருக்கடியில் உடல் “போராடு அல்லது ஓடு” என்கிறது என்று பாடப்புத்தகத்தில் படித்தோமே, அதற்கு அடிப்படையான ஆய்வுகளிலும் ஆண்களே அதிகம். பெண்கள் நெருக்கடியில் அரவணைக்கவும் துணை சேர்க்கவும் முனைகிறார்கள் என்று அமெரிக்க உளவியலாளர் ஷெல்லி டெய்லரும் சக ஆய்வாளர்களும் 2000-ல்தான் எழுதினார்கள். எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிகள்கூட மாலையானால் திண்ணையில் கூடிச் செய்துகொண்டிருந்த காரியம் இது.

ஒரு எச்சரிக்கை. நீங்களாக விலகியது வேறு, விலக்கப்பட்டது வேறு. “அவளோடு என்ன பேச்சு?”, “ஃபோனைக் காட்டு”, “அவள் வீட்டுக்குப் போனால் எனக்குப் பிடிக்காது”: இதை அக்கறை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். துணையைத் தோழிகளிடமிருந்து பிரிப்பது கட்டுப்படுத்தும் வன்முறையின் ஆரம்ப அடையாளங்களில் ஒன்று. அடி விழாவிட்டாலும், இப்படித் தொடர்ந்து கட்டுப்படுத்துவதைக் குற்றமாக்கி இங்கிலாந்தில் 2015-ல் சட்டமே வந்தது. இளம்பெண்களே, காதலிக்கிற முதல் வருடத்திலேயே இதைக் கவனியுங்கள்.

சரி, என்ன செய்யலாம்? நேரமில்லை என்று மட்டும் சொல்லாதீர்கள். எல்லோருக்கும் முடிகிறபோது உங்களுக்கு மட்டும் அரை மணி நேரம் இல்லை என்றால் அந்த வீட்டின் வேலைப் பங்கீட்டில்தான் கோளாறு, அதைப் பேசி மாற்றுங்கள். குழுவில் வரும் காலை வணக்கப் படங்களை நட்புக் கணக்கில் சேர்க்காதீர்கள், குரல் கேட்க வேண்டும். புதிதாக ஒரு நெருங்கிய நட்பு உருவாக 200 மணி நேரத்துக்கு மேல் சேர்ந்திருக்க வேண்டியிருக்கிறது என்று 2018-ல் வெளியான அமெரிக்க ஆய்வு சொல்கிறது. அதனால் பழைய தோழியைத் தேடுவதுதான் சுலபமான வழி. சந்தித்தால் குறையையே திரும்பத் திரும்பப் பேசிக்கொண்டிருக்காதீர்கள். ஒரே துயரத்தை இருவரும் சேர்ந்து சுழற்றிக்கொண்டே இருந்தால் நெருக்கம் கூடும், மனச்சோர்வும் கூடும். பதின்வயதுப் பெண்களிடம் இது ஆய்வில் தெரிந்திருக்கிறது. சொல்லி முடித்ததும் எழுந்து நடங்கள், ஏதாவது கற்றுக்கொள்ளுங்கள், பாடுங்கள். பணம் கேட்பதற்கும் புலம்புவதற்கும் மட்டும் கூப்பிடுகிறவளாக நீங்களும் ஆகிவிடாதீர்கள்.

அந்தப் பெண்ணின் தொடர்பு எண்களில் மறுபடி தேடச் சொன்னேன். கல்லூரித் தோழி ஒருத்தியின் பெயர் வந்தது. நாலு வருடத்துக்கு முன் அவள் அனுப்பிய கடைசிச் செய்தி, “எப்படி இருக்க? நேரம் கிடைச்சா கூப்பிடு.” இவர் பதில் போடவே இல்லை. “இப்போ எந்த முகத்தோடு பேசுவேன்?” என்றார். இந்தக் கூச்சத்தில்தான் பல நட்புகள் செத்துப்போகின்றன. நீண்ட மன்னிப்பு வேண்டாம், நாலு வருடக் கதையும் வேண்டாம், “உன் ஞாபகம் வந்தது, எப்போ பேசலாம்?” போதும் என்றேன். அடித்தார், அழித்தார், மறுபடி அடித்து அனுப்பிவிட்டு ஃபோனைக் கவிழ்த்து வைத்தார்.

பதில் இரண்டு நாள் கழித்து வந்ததாம். வராமலும் போயிருக்கலாம். அப்படியென்றால் அடுத்த பெயருக்கு எழுதுங்கள்.