காப்பித்தூளை வைக்காதீர்கள், அழுத்திப் பிடியுங்கள்

ஏற்காட்டு எஸ்டேட் ஒன்றில் நிழல் மரம் கழிக்கும் நேரம். சில்வர் ஓக் மரத்தில் கிளை வெட்டிக்கொண்டிருந்தவரின் அரிவாள் நழுவித் தொடையில் இறங்கிவிட்டது. ஜீப்பில் போட்டு, 20 கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கி, சேலத்தில் நான் வேலை பார்க்கும் மருத்துவமனைக்குக் கொண்டுவந்தார்கள். காயத்தில் ஒரு கை காப்பித்தூள் அப்பியிருந்தது. அதற்கு மேலே மெல்லிய நைலான் கயிறு. காயம் நான்கு விரல் அகலம்தான். வந்து சேர்ந்தபோது நாடி இல்லை.

"காப்பித்தூள் வெச்சா நின்னுடும்னு சொன்னாங்க சார்" என்று கூட வந்தவர் அழுதார். அவர்மேல் குற்றமே இல்லை. யாரும் அவருக்குச் சொல்லித்தரவில்லை.

ராணுவ மருத்துவப் படையில் நர்சிங் அசிஸ்டென்டாகப் பதினேழு வருடம் இருந்தவன் நான். எல்லையில் குண்டடி பட்டவரைப் பட்டாலியன் டாக்டர் இருக்கும் இடத்துக்குக் கொண்டுபோகவே பல மணி நேரம் ஆகலாம். மலையில் ஸ்ட்ரெச்சரை மாற்றி மாற்றித் தூக்கித்தான் இறங்க வேண்டும். அதனால் அவர்மேல் முதலில் கை வைப்பவர் பெரும்பாலும் பக்கத்தில் இருக்கும் இன்னொரு சிப்பாய்தான். ஒவ்வொருவர் உடுப்பிலும் ஃபீல்ட் டிரெஸ்ஸிங் என்ற சிறு கட்டுப்பொட்டலம் இருக்கும். அடிபட்டவருடைய பொட்டலத்தை எடுத்துத்தான் அவருக்குக் கட்ட வேண்டும். நம்முடையதைத் தொடக் கூடாது, அடுத்த நிமிடம் அது நமக்கே தேவைப்படலாம்.

துப்பாக்கிச் சூடு நடக்கும்போது அடிபட்டவரிடம் நேரே ஓடுபவர் அடுத்த ஆளாக விழுவார். முதலில் மறைவு, பிறகுதான் சிகிச்சை. மலைப்பாதையிலும் இதே கதைதான். வளைவில் பைக் விழுந்து கிடந்தால், மேலேயும் கீழேயும் ஆள் நிறுத்தி வண்டிகளைத் தடுத்துவிட்டு அப்புறம் குனியுங்கள்.

முன்பெல்லாம் முதலுதவி என்றாலே மூச்சைப் பார் என்றுதான் ஆரம்பிப்பார்கள். போர்க்களத்தில் அந்த வரிசை மாறியது. 1996-ல் அமெரிக்க ராணுவ மருத்துவர்கள் வெளியிட்ட போர்க்கள முதலுதவி வழிமுறை பல நாட்டுப் படைகளுக்கும் பரவியது. பீறிடும் ரத்தத்தை நிறுத்துவது முதல் வேலை, மூச்சு அதற்கு அடுத்து. காரணம் எளிது. பெரியவர் உடம்பில் இருப்பதே சுமார் 5 லிட்டர் ரத்தம். தொடையின் பெரிய ரத்தக்குழாய் அறுந்தால் சில நிமிடங்களில் உயிர் போய்விடும். வாகனம் தேடும் நேரம்கூடக் கிடைக்காது.

சரி, என்ன செய்வது? சுத்தமான துணி, துண்டு, வேட்டி எது கிடைத்தாலும் காயத்தின்மேல் வைத்து, உடம்பு எடை முழுவதும் இறங்கும்படி இரண்டு கையாலும் அழுத்துங்கள். குறைந்தது பத்து நிமிடம். நடுவில் எடுத்து எடுத்துப் பார்க்காதீர்கள், உறையத் தொடங்கிய ரத்தம் கலைந்துவிடும். துணி நனைந்தால் மேலே இன்னொன்று வைத்து இன்னும் பலமாக அழுத்துங்கள். ஆழமான காயம், தொடை இடுக்கிலோ அக்குளிலோ இருந்தால், துணியைக் குழிக்குள் திணித்து அழுத்த வேண்டும். நெஞ்சிலும் வயிற்றிலும் திணிக்கக் கூடாது. கத்தி, கம்பி குத்தி நின்றால் பிடுங்காதீர்கள், அசையாமல் சுற்றிக் கட்டுங்கள். காப்பித்தூளும் மஞ்சளும் ரத்தக்குழாயை அடைக்காது. டாக்டர் காயத்தைத் தேடிக் கழுவுவதற்குள் நேரம் போய்விடும்.

கையிலோ காலிலோ அழுத்தியும் நிற்கவில்லையா? அப்போதுதான் இறுக்குக் கட்டு, ராணுவத்தில் டூர்னிகே என்பார்கள். காயத்துக்கு இரண்டு மூன்று அங்குலம் மேலே, மூட்டின்மேல் படாமல் கட்ட வேண்டும். கயிறு, ஒயர் வேண்டாம், சதையை அறுக்குமே தவிர ஆழத்தில் இருக்கும் குழாயை நசுக்காது. இரண்டு விரல் அகலமாவது இருக்கும் துணியைச் சுற்றி முடிச்சிட்டு, முடிச்சில் உறுதியான குச்சியைச் செருகி, ரத்தம் நிற்கும்வரை முறுக்குங்கள். குச்சி அவிழாமல் கட்டிவிடுங்கள். வலியில் கத்துவார், மனம் இளகித் தளர்த்தாதீர்கள். கட்டினால் காலே போய்விடும் என்ற பயம் ராணுவத்திலும் வெகுநாள் இருந்தது. ஈராக், ஆப்கானிஸ்தான் போர்க்கள அனுபவம் அதை மாற்றியது. இரண்டு மணி நேரத்துக்குள் மருத்துவமனை சேர்ந்தவர்களுக்குக் கட்டால் உறுப்பு போவது மிக அரிது. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அவிழ்த்துவிடும் பழக்கம்தான் ஆபத்து. கட்டிய நேரத்தை எழுதுங்கள், அவிழ்ப்பதை டாக்டரிடம் விடுங்கள்.

பாம்புக்கடிக்கு மட்டும் இந்தக் கட்டு கூடவே கூடாது. எஸ்டேட்களில் இதை நான் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது.

இன்னொன்று குளிர். உடம்பு குளிர்ந்தால் ரத்தம் சரியாக உறையாது. பனிமலையில் மட்டும் நடப்பது என்று நினைக்காதீர்கள், ஏற்காட்டு மாலைப் பனியில் ஈரத் தரையில் கிடப்பவருக்கும் அதுதான். அடியில் சாக்கு, மேலே கம்பளி. சோடா, காபி கொடுக்காதீர்கள், உடனே அறுவை சிகிச்சை தேவைப்படலாம். 108-ஐ அழையுங்கள். உதவினால் வழக்கில் மாட்டிக்கொள்வோம் என்று பயப்பட வேண்டாம், 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம், சாலை விபத்தில் நல்லெண்ணத்தோடு உதவுபவருக்குப் பாதுகாப்புத் தருகிறது. தமிழக அரசின் நம்மைக் காக்கும் 48 திட்டத்தில், சாலை விபத்து நடந்த முதல் 48 மணி நேரத்துக்கு இலவச சிகிச்சையும் உண்டு.

அந்த எஸ்டேட்டுக்குப் போய்ச் சொல்லிக்கொடுத்தேன். மிளகு பறிக்கும் அக்கா ஒருவர் என் கையில் துண்டைக் கட்டி, கவாத்துக் குச்சியைச் செருகி, மணிக்கட்டில் நாடி நிற்கும்வரை முறுக்கினார். "வலிக்குதுங்களா சார்?" என்றார். வலித்தது. அப்புறம் கேட்டார், "பேனா இல்லேன்னா நேரத்த எதுல எழுதறது? போன்ல போட்டோ எடுத்தா நேரம் பதிஞ்சுருமில்லீங்களா?"

பதினேழு வருடத்தில் எனக்குத் தோன்றாத யோசனை. இப்போது எல்லா இடத்திலும் அதையும் சேர்த்தே சொல்கிறேன்: போட்டோ எடுத்தவர் அந்தப் போனோடு வண்டியில் ஏறிக் கூடவே வர வேண்டும்.